அரைக்கிலோவுக்கு இரண்டு கிராம் குறைவு

"ஒண்ணுமே வைக்கலையே, அப்புறம் எதுக்குண்ணே மைனஸ் காட்டுது?"

கேட்டவர் கறிக்கடைக்காரர். தன் கடைத் தராசைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தவர், வந்த வேலையை விட்டுவிட்டு என் மேசை ஓரத்தில் தனியாக நின்றிருந்த பழைய மின்தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சிவப்பு எண்கள் மைனஸ் 248 என்று காட்டிக்கொண்டிருந்தன. ஒன்பது நாளாக அதையேதான் காட்டுகின்றன.

"அதுக்கு மனசு சரியில்ல," என்றேன்.

"தராசுக்கா?"

"ஏன், உங்க கடையில தொங்குற ஆட்டுக்கு மட்டும்தான் மனசு இருக்குமா?"

"அதுக்கு இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுநாள் வருவதாகக் கிளம்பினார். வாசலில் நின்று இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தார். தராசு ரிப்பேர் செய்கிறவனின் கடையிலேயே தராசு தப்பாக நின்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பல் டாக்டர் பொக்கைவாயோடு சிரித்த மாதிரி.

தப்பு என்று எதுவும் இல்லை. பாத்திரத்தோடு சேர்த்து ஒரு பொருளை நிறுக்க வேண்டுமென்றால் முதலில் வெறும் பாத்திரத்தை வைத்து 'டேர்' என்கிற பட்டனை அழுத்துவோம். தராசு அந்தப் பாத்திரத்தின் எடையை மனதில் வைத்துக்கொண்டு சைபருக்கு வந்துவிடும். அதன்பிறகு உள்ளே வைக்கிற பொருளின் எடை மட்டும்தான் தெரியும். பாத்திரத்தையே தூக்கிவிட்டால், தராசு அதைத் தேடும். எவ்வளவு காணவில்லையோ அவ்வளவு மைனஸ் காட்டும். அதே பட்டனை இன்னொரு தரம் அழுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டுச் சைபரில் நிற்கும். ஒரு விநாடி வேலை. இருபத்தாறு வருஷமாக ஊரில் இருக்கிற கடைக்காரர்களுக்கெல்லாம் அந்தப் பட்டனைக் காட்டிக்கொடுத்தவன் நான். ஒன்பது நாளாக என் விரல் அதன் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

அரைக்கிலோ எங்களிடம் வந்ததே ஒரு தராசுக்குள்ளிருந்துதான். தானியக் கிடங்கிலிருந்து மூட்டை நிறுக்கிற பெரிய பலகைத் தராசு ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஏறி நின்றால் கீச்சென்றது. உள்ளே ஸ்பிரிங் ஏதோ உரசுகிறது என்று நினைத்து எண்ணெய் விட்டேன். இன்னும் பலமாகக் கீச்சிட்டது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், தலையெல்லாம் எண்ணெயாக, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. கிடங்குக்குப் போன் செய்து, "உங்க தராசுக்குள்ள ஒரு பூனைக்குட்டி இருக்கு," என்றேன். "அது எங்க பில்லுல வராது," என்றார் மேலாளர். தாய்ப்பூனை மற்ற குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கேயோ போய்விட்டதாம். இதைக் கவ்வ வருவதற்குள் தராசை ஏற்றிய லாரி கிளம்பியிருக்கும்.

கையில் தூக்கியதும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். ஒரு பெரிய மாம்பழம் இதைவிடக் கனக்கும். அன்றைக்கே பெயரும் வைத்துவிட்டேன், அரைக்கிலோ. இல்லாததைத்தானே பெயராக வைப்பார்கள்? என் தெருவில் மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள், மூவருமே வாடகை வீட்டில்.

என் மனைவி குடிநீர் வாரியத்தில் புகார் தொலைபேசி எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருகிறது என்று ஒரு நாளைக்கு இருநூறு பேர் அவள் காதில் கொட்டுவார்கள். எட்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் பேச்சு மிச்சம் இருக்காது. மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். ஞாயிறுதோறும் போனில் வந்து "சாப்டீங்களா?" என்று கேட்பான், "சாப்ட்டோம்" என்போம், அந்த வாரக் குடும்பப் பேச்சு அதோடு முடிந்துவிடும். சண்டை என்று எதுவும் இல்லை. நானும் அவளும் நன்றாக எண்ணெய் போட்ட இரண்டு கதவுகள் மாதிரிச் சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தோம்.

"எனக்குப் பூனை ஆகாது," என்றாள் முதல்நாள்.

"ஒரு வாரம்தான். யாராவது கேட்டா குடுத்துடலாம்."

"வீட்டுக்குள்ள விடக்கூடாது."

"விடல."

"சமையக்கட்டுப் பக்கம் வரவே கூடாது."

மறுநாள் காலை எழுந்து பார்த்தால், சமையல்கட்டில் அவள் காலடியில் குட்டி உட்கார்ந்திருக்கிறது. ஊறவைத்த தீவனத்தைக் கரண்டியால் மசித்துக்கொண்டே, "கண்ணைப் பாருங்க, மேலதிகாரி மாதிரி முறைக்குது," என்கிறாள். ஒரு வாரம் என்ற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

கால்நடை மருத்துவமனைக்கு இரண்டு பேருமாகத்தான் கொண்டுபோனோம். இளவயது டாக்டரம்மா. குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, ஐந்து வாரம் இருக்கும் என்றார். எட்டு வாரம் முடிந்ததும் தடுப்பூசி என்று தேதி எழுதிக்கொடுத்தார். "அதுவரைக்கும் தினமும் எடை பாருங்க சார். நாளுக்குப் பத்துப் பன்னெண்டு கிராம் ஏறணும். குறைஞ்சுதுன்னா அன்னைக்கே தூக்கிட்டு வந்துடுங்க. இவ்ளோ சின்னதுங்க வலிச்சாலும் காட்டிக்காது. எடை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்."

"எடையா? நீங்க தப்பான ஆள்கிட்ட, சரியான விஷயத்தைச் சொல்லியிருக்கீங்க," என்று ஆரம்பித்து, அவருடைய தராசில் அரசு முத்திரை எங்கே என்று கேட்கப் போனேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். "வாயை வச்சுக்கிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க."

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் மெல்லிய பருத்தித் துண்டை விரித்துப் படுக்கை செய்தோம். இரவில் அந்தப் பெட்டி அவள் பக்கத்தில் இருக்கும். காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியோடு தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, ஊர்வலம் மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வருவேன். காற்றுப் பட்டதும் அரைக்கிலோ தூங்கிவிடும். தூங்குகிறதை எழுப்பி நிறுக்க மனம் வரவில்லை. அதனால் பெட்டியும் துண்டும் சேர்ந்த எடையை, இருநூற்று நாற்பத்தெட்டு கிராமை, அந்தப் பழைய தராசில் நிரந்தரமாகப் பதிந்து வைத்தேன். கரண்ட் போனாலும் மறக்காத மிஷின் அது. பெட்டியைத் தூக்கம் கலையாமல் அப்படியே வைத்தால் போதும், குட்டியின் எடை மட்டும் தெரியும். இருபத்தாறு வருஷத் தொழிலில் இதைவிட நல்ல வேலை எதுவும் நான் செய்ததில்லை என்று அப்போது நினைத்தேன்.

எண் நிலைத்து நின்றால் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். அதுதான் சரியான எடை என்று அர்த்தம். உயிருள்ளதை வைத்தால் அந்தப் புள்ளி லேசில் எரியாது. கோழிக்கடைக்காரர்களுக்குத் தெரியும். அரைக்கிலோ தூங்கும்போதுகூட எண் நிற்காது. நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினொன்று, நானூற்றுப் பத்து, நானூற்று ஒன்பது. அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதற்குத் தகுந்தபடி சிவப்பு எண்ணும் மூச்சு விடும். பழுதுக்கு வந்த தராசுகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டால், சராசரி எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சரியாகப் பத்து மணிக்குப் போன் அடிக்கும். வாரியத்தில் அவளுக்குத் தேநீர் இடைவேளை.

"எவ்வளவு?"

அவ்வளவுதான் கேள்வி. ஹலோ கிடையாது, என்னங்க கிடையாது. நான் எண்ணைச் சொல்வேன். முதலில் எண்ணோடு முடிந்தது. நாலாம் நாள், "என்ன பண்ணுது?" என்று சேர்ந்துகொண்டது. அப்புறம், ஸ்பிரிங் டப்பாவுக்குள் விழுந்ததைச் சொன்னேன், எடைக்கல்லோடு சண்டை போட்டுத் தோற்றதைச் சொன்னேன். அவள் தன் பங்குக்கு, குழாயில் காற்று மட்டும் வருகிறது, அதற்கும் கட்டணமா என்று கேட்டவரைப் பற்றிச் சொன்னாள். பதினைந்து நிமிஷ இடைவேளையில் பதினான்கு நிமிஷம் பேசினோம். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசியதில்லை. அப்போது என்ன பேசுவது என்று தெரியாது. மாலையில் அவள் வந்ததும் அன்றைய எண்ணை நாள்காட்டியில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதுவாள். ஐந்நூறைத் தாண்டிய அன்று எண்ணைச் சுற்றி ஒரு பூ வரைந்திருந்தாள். "பேரை மாத்திடலாமா? முக்கால் கிலோன்னு?" என்றாள். "பதவி உயர்வெல்லாம் உடனே குடுக்கக் கூடாது, கெட்டுப்போயிடும்," என்றேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த திங்கட்கிழமையை வட்டமிட்டு, 'ஊசி' என்று எழுதி வைத்திருந்தாள்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை நல்ல மழை. அன்று காலை எடை ஐந்நூற்று நாற்பத்தெட்டு. மாலையில் துவைத்த துண்டு காயவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைத் தூக்கும்போது பார்த்தேன், உள்ளே பழுப்பு நிறத்தில் கம்பளித் துணி. அவளுடைய சால்வை. அவள் யாரையும் தொடவிடாத சால்வை. அதன் ஒரு ஓரத்தைக் கத்தரித்து மடித்துப் போட்டிருந்தாள்.

"மகாராஜாவுக்குக் கம்பளி மெத்தையா? எனக்கு ஒரு நாளாவது..."

"நீங்க என்ன ஐந்நூறு கிராமா? பேசாம கிளம்புங்க."

இதை நான் பார்த்தேன். கையால் தொட்டேன். போகிற வழியில் சிக்னலில் நின்றபோது அந்தக் கம்பளியின் மூலையை எடுத்துக் குட்டியின் முதுகில் போர்த்தியும் விட்டேன். பட்டறைக்கு வந்தேன், பெட்டியைத் தராசில் வைத்தேன். ஐந்நூற்று எழுபத்து நான்கு.

"ஒரே நாள்ல இருபத்தாறு!" என்றேன் போனில்.

அவள் சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா காலையில பாதி மிச்சம் வச்சிருச்சே," என்றாள்.

"வயிறு நிறைஞ்சிருக்கும்."

"என்னவோ சுறுசுறுப்பா இல்லாத மாதிரி இருக்கு."

"நம்பர் பொய் சொல்லாதும்மா."

புதன்கிழமை ஐந்நூற்று ஐம்பத்தொன்பது. எனக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கம் கொடுத்தேன். "நேத்து இருபத்தாறு ஏறிச்சு, இன்னைக்குப் பதினஞ்சு இறங்கிச்சு. சேர்த்துப் பாரு, பதினொண்ணு லாபம்."

"குறைஞ்சா அன்னைக்கே தூக்கிட்டு வரச் சொன்னாங்கள்ல?"

"ரெண்டு நாளும் சேர்ந்தா குறையலையே."

"அதோட கண்ணு சரியில்லங்க."

"உன் கண்ணுதான் சரியில்ல. நாளைக்குப் பார்ப்போம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் தராசு சரிபார்க்கிறவன், மனைவியின் கண்ணைவிடச் சிவப்பு எண்ணை நம்பியவன், 'நாளைக்கு' என்ற சொல்லை அவ்வளவு தாராளமாக எடுத்து வீசினேன்.

வியாழக்கிழமை காலை பட்டறையில் பெட்டியை இறக்கியதும் அரைக்கிலோ தானாக வெளியே வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் போய்க் குந்தி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது. குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உடம்பு முழுவதையும் குலுக்கி மஞ்சளாக வாந்தி எடுத்து, அதன் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டது. தராசில் வைக்கவில்லை. பெட்டியில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஸ்கூட்டரை நான் அப்படி ஓட்டுவேன் என்று ஸ்கூட்டருக்கே தெரியாது.

டாக்டரம்மா குட்டியை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் தராசில் வைத்தார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்த எண் வந்து நின்றது. நின்றது என்றால், அப்படியே நின்றது. ஓரத்தில் பச்சைப் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

இங்கேதான் என் தொழில் பெருமை எழுந்து நின்று பேசியது. "டாக்டர், உங்க தராசு தப்பு."

"என்னது?"

"நேத்து ஐந்நூத்து ஐம்பத்தொம்பது. ஒரே நாள்ல அறுபத்தொண்ணு குறையாது. பாருங்க, நம்பர் அசையவே இல்ல, சிக்கிக்கிட்டிருக்கு. பூனைக்குட்டியை வச்சா கொஞ்சமாவது ஆடணும். நான் இருபத்தாறு வருஷமா..."

"சார்." அவர் குரல் உயரவில்லை. கையுறை போட்டுக்கொண்டிருந்தார். "அது அசையாததால நம்பர் அசையல. தராசைப் பத்தி அப்புறம் பேசலாம், கொஞ்சம் நகருங்க."

ரத்தம் எடுத்தார்கள். முன்காலில் நூல் போன்ற ஓர் ஊசி ஏற்றினார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளைப் பிடிக்கிற வைரஸ் என்றார். உள்ளே நாலைந்து நாளாவது இருந்திருக்கும் என்றார். "ராத்திரி இங்கயே இருக்கட்டும்," என்று சொல்லி, பெட்டியையும் உள்ளிருந்த கம்பளியையும் என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பி வந்து முதலில் செய்த காரியம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, தேக்குப் பெட்டியிலிருந்து முத்திரையிட்ட எடைக்கற்களை எடுத்து என் தராசைச் சோதித்ததுதான். மருத்துவமனைத் தராசுதான் தப்பு என்று நிரூபித்துவிட்டால், அறுபத்தொரு கிராம் குறையவில்லை என்று ஆகிவிடும். குறையவில்லை என்றால் அவ்வளவு மோசமில்லை என்று ஆகிவிடும். முங்குகிறவன் புத்தி. ஒவ்வொரு கல்லுக்கும் ஏற்கெனவே கழித்து வைத்த இருநூற்று நாற்பத்தெட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்நூறு கிராம் கல்லுக்கு ஐந்நூறு. இருநூறுக்கு இருநூறு. என் தராசில் ஒரு குற்றமும் இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, பக்கத்திலிருந்த வெறும் பெட்டியைக் கம்பளியோடு தராசின் மேல் வைத்தேன். அதன் இடம் அதுதானே, கை தானாக வைத்தது.

சைபர் காட்ட வேண்டும். நாற்பத்து நான்கு காட்டியது. பச்சைப் புள்ளி எரிந்தது.

பருத்தித் துண்டுக்கும் கம்பளிக்கும் உள்ள வித்தியாசம். செவ்வாய்க்கிழமை ஏறியது குட்டி அல்ல, சால்வை. ஐந்நூற்று எழுபத்து நான்கில் நாற்பத்து நான்கைக் கழித்தால் ஐந்நூற்று முப்பது. திங்களைவிடப் பதினெட்டு குறைவு. செவ்வாய்க்கிழமையே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். 'முதல்ல காலிப் பாத்திரத்தை வச்சு சைபர் பாருங்க, அப்புறம் சரக்கை வைங்க' என்று என் கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவன் நான்தான். எழுத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைத் தூக்கினேன். மைனஸ் 248 என்றது தராசு. போன் அடித்தது. பத்து மணியிலிருந்து நாலு தரம் அடித்திருக்கிறாள், மருத்துவமனையில் எனக்குக் கேட்கவில்லை.

"எவ்வளவு?"

சொல்வதற்கு என்னிடம் எண்கள் நிறைய இருந்தன. "ஆஸ்பத்திரிக்கு வந்துடு," என்றேன்.

அன்று பகல் முழுவதும் மருத்துவமனை நடையில் ஒரு நீண்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒருவர் கூண்டில் கிளியோடு இருந்தார். அந்தக் கிளி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "வாங்க, உக்காருங்க" என்றது. வேறு நாளாக இருந்தால் அதைவைத்து ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்போம். டாக்டரம்மா வெளியே வந்தபோது மனைவி எழுந்து நின்று கேட்டாள். "ரெண்டு நாள் முன்னாடி கொண்டுவந்திருந்தா பிழைச்சிருக்குமாம்மா?"

நான் தரையைப் பார்த்தேன். கட்டம் போட்ட தரை.

"சொல்ல முடியாதுங்க. வாய்ப்புக் கூடியிருக்கலாம். கூடாமயும் போயிருக்கலாம். இப்பவும் முடிஞ்சுடல."

முடிந்துவிடவில்லை என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டேன். அரைக்கிலோ பிழைத்து வரட்டும். நன்றாகத் தின்று, ஒரு கிலோ ஆகட்டும். ஒருநாள் பத்து மணிக்கு அவள் போன் செய்யும்போது சொல்வேன்: 'உனக்கு ஒரு கதை தெரியுமா? ஊருக்கே எடை சரிபார்க்கிற ஒரு மேதாவி, பூனைக்குப் பதிலா சால்வையை நிறுத்துட்டு, பூனை குண்டாயிடுச்சுன்னு குதிச்சானாம்.' அவள் சிரிப்பாள். 'உங்களைப் போய் நம்பினேன் பாருங்க,' என்பாள். என் வாழ்க்கையில் இதைவிட நல்ல நகைச்சுவை எனக்கு வாய்த்ததில்லை. கதையில் எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் தேவை. அது பிழைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இரண்டு பேரும் போய் எடுத்து வந்தோம். பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் கொஞ்சம் மண் இருக்கிறது. அவள்தான் கம்பளியில் சுற்றினாள். காதை மூடாமல் சுற்றினாள்; காதை மூடினால் அதற்குப் பிடிக்காது. நான் குழி தோண்டினேன். சின்னக் குழிதான், ஆனால் பாதியில் மூச்சு வாங்கியது.

அதன்பிறகு பத்து மணிக்குப் போன் வரவில்லை. ஏன் வரப்போகிறது? இருந்தாலும் ஒன்பதே முக்காலுக்குக் கை வேலையை வைத்துவிட்டுப் போனை மேசையில் நிமிர்த்தி வைப்பேன். பத்து அடிக்கும். பத்தேகாலுக்குத் திரும்பவும் ஸ்குரூ டிரைவரை எடுப்பேன். சட்டையில் சாம்பல் மயிர் இருந்தால் தட்டுவதில்லை. நடக்கும்போது காலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறேன், எதையும் மிதித்துவிடக் கூடாது என்று. மிதிபடுவதற்கு எதுவும் இல்லை என்பது காலுக்கு இன்னும் எட்டவில்லை. வீட்டில் கதவுகள் மறுபடி சத்தமில்லாமல் திறந்து மூடுகின்றன. நாள்காட்டியில் புதன்கிழமைக் கட்டத்தோடு எண்கள் நின்றுவிட்டன. வட்டமிட்ட திங்கட்கிழமை வந்து, ஊசி என்ற எழுத்தோடு போய்விட்டது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சால்வை அவளைக் குத்தும். சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி, ரெண்டு நாள் முன்னாடி, அவள் கண்ணில் நின்றுகொண்டே இருக்கிறது. 'அதோட கண்ணு சரியில்லங்க' என்று அவள் சொன்னது சரி. அதையாவது நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

கறிக்கடைக்காரர் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். பத்து மணிக்கு வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அவள். வேலை நாளில் அவள் என் பட்டறைக்கு வந்ததே இல்லை.

"லீவா?"

"ம்."

கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு துணியை எடுத்தாள். அந்தப் பருத்தித் துண்டு. "கொடியிலேயே கிடந்தது. காஞ்சு எத்தனையோ நாளாச்சு. எங்க வைக்கிறதுன்னு தெரியல. கொண்டுவந்துட்டேன்."

வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏன் மைனஸ்ல நிக்குது?"

அதற்கு மனசு சரியில்லை என்று சொல்ல வாய் வந்தது. கறிக்கடைக்காரரிடம் சொன்ன அதே சொல், இவளிடம் அது செல்லாது. "நான் அன்னைக்குச் சைபர் பார்க்காம விட்டுட்டேன்," என்றேன். "எடை தப்பாக் காட்டியிருக்கு. என் கவனக்குறைவு."

"நீங்களா?" என் முகத்தையே பார்த்தாள். "பழக்கடையில ஒரு ஆப்பிள் வாங்கினாலும் சைபர் பார்த்தியான்னு கேட்டு மானத்தை வாங்குற ஆளு நீங்க. நீங்களா விட்டீங்க?"

பொய் சொல்வதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும். எனக்கு அது இல்லை.

"துணி மாறியிருந்துச்சும்மா," என்றேன். "கம்பளி கொஞ்சம் கனம். அந்தக் கனத்தையும் சேர்த்துக் காட்டிடுச்சு."

அவள் தராசின் பக்கம் திரும்பினாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு?"

"நாப்பத்தி நாலு."

அவள் உதடு ஏதோ கூட்டிக் கழித்தது. நாள்காட்டி அவளுக்கு மனப்பாடம்.

"துணியை மாத்தினது நான்," என்றாள்.

"பார்த்தது நான். தொட்டது நான். போர்த்திவிட்டதுகூட நான்தான். நம்பர் பொய் சொல்லாதுன்னு உன்கிட்ட அடிச்சுப் பேசினதும் நான்."

"நம்பர் பொய் சொல்லலையே," என்றாள் மெதுவாக. "சால்வையையும் சேர்த்துச் சொல்லியிருக்கு. அவ்வளவுதானே?"

பிறகு, "குளிருமேன்னு போட்டேங்க," என்றாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார்கள் இந்த மாதிரி நேரத்தில். "உன் கண்ணு சரியாத்தான் இருந்துச்சு," என்றேன். "நான்தான் பார்க்கல."

அவள் தலையாட்டினாள், ஒப்புக்கொண்டாளா, வேண்டாம் என்றாளா, தெரியவில்லை. அலமாரியில் இருந்த பெட்டியைத் தானே போய் எடுத்து வந்தாள். துண்டைப் பிரித்து, மூலைகள் மடங்காமல், தினமும் இரவில் விரிப்பது போலவே உள்ளே விரித்தாள். பெட்டியைத் தராசின் மேல் வைத்தாள். மைனஸ் போய்ச் சைபர் வந்தது. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. பச்சைப் புள்ளி எரிந்தது. ஒன்பது நாளாக என்னால் கொண்டுவர முடியாத சைபர்.

பட்டனை இப்போது அழுத்திவிடலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் வலது உள்ளங்கையைத் துண்டின் நடுவில், அது சுருண்டு படுக்கும் இடத்தில், வைத்தாள். எண் குதித்து ஏறியது. நூறு. இருநூற்று முப்பது. முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. அவள் குனிந்து, எண்ணை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள். நானூற்று அறுபது. நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அங்கே தயங்கினாள். இன்னும் துளி அழுத்தினாள்.

ஐந்நூறு.

பச்சைப் புள்ளி அணைந்தே இருந்தது. ஐந்நூற்று ஒன்று, ஐந்நூறு, நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, ஐந்நூறு என்று எண் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம், தூங்குவதை எழுப்பிவிடக் கூடாது என்பது போல.